சதுரங்கப்பட்டினக் கோட்டையும் திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபமும்: ஒல்லாந்தர் ஒருநாள் பயணத்தின் கல்லெழுத்துத் தடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக் கோட்டையில் பணியாற்றிய ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் திருக்கழுக்குன்றம் சென்று, அங்குள்ள பல்லவர் குடைவரையான ஒருகல் மண்டபத்தில் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். இப்பெயர்ப் பொறிப்புகள் இதுவரை பெரும்பாலும் வியப்புச் செய்தியாகவோ, சின்னச் சிதைப்பாகவோ மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளன. கோட்டைக்கும் குன்றுக்கும் இடையிலான நிலம், பயணம், உழைப்பு ஆகியவற்றை அறிவதற்குரிய சான்றாக அவற்றை இக்கட்டுரை அணுகுகிறது. உத்தரமேரூர், திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களின் கல்வெட்டு மரபோடு அவற்றை ஒப்பிட்டும் நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம், ஒருகல் மண்டபம், ஒல்லாந்தர், உத்தரமேரூர், பெயர்ப் பொறிப்பு

முன்னுரை

பாலாறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினக் கோட்டை அமைந்துள்ளது. அங்கிருந்து வடமேற்கில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் திருக்கழுக்குன்றம் உள்ளது. இன்று கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் வருவோர் இவ்விரு இடங்களையும் ஒரே பகலில் கண்டு திரும்புகின்றனர். வரலாற்று நூல்களிலோ இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் இடம்பெறுவது அரிது. கோட்டை ஐரோப்பியக் கம்பெனிகளின் வணிக வரலாற்றுக்குரியதாகவும், குன்று சைவத் தல வரலாற்றுக்கும் பல்லவர் கலை வரலாற்றுக்கும் உரியதாகவும் பிரிக்கப்பட்டுவிட்டன. முன்னதை எழுதுவோர் ஒல்லாந்து ஆவணக் காப்பகங்களை நாடுகின்றனர். பின்னதை எழுதுவோர் தேவாரத்தையும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் நாடுகின்றனர். இரு சாராரும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது ஒருகல் மண்டபத்தின் தூண்களும் சுவர்களுமே ஆகும்.

ஆட்சி எல்லைகளும் இப்பிரிவினைக்குத் துணைபோயுள்ளன. பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டபோது உத்தரமேரூர், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் ஆகிய மூன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் வந்தன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. உத்தரமேரூர் காஞ்சிபுரத்தோடு நின்றுவிட, கடற்கரையும் குன்றும் செங்கல்பட்டுக்குச் சென்றன. ஆற்றுக்கு இக்கோடுகள் தெரியா. உத்தரமேரூர்ப் பகுதியின் நீரைத் தாங்கி வரும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, வயலூர் அருகே கடலை அடைகிறது. இந்த ஆற்றுச் சமவெளியில் நெய்யப்பட்ட துணியே கோட்டையை அங்கே எழச் செய்தது என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பட்டினமும் கோட்டையும்

ஒல்லாந்தர் வருகைக்கு முன்பே இவ்வூர் பட்டினமாக இருந்தது. சதிரவாசகன் பட்டினம் என்பது இதன் பழைய பெயர் வடிவம். 14ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட சம்புவராயருள் ஒருவரான இராசநாராயணன் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என்றும் வழங்கியது. பிற்கால வழக்கில் சதுரங்கப்பட்டினம் என நிலைபெற்ற பெயரை ஒல்லாந்தர் 'சத்ராசுபட்னம்' என்று எழுதினர். ஆங்கிலேயர் அதை மேலும் குறுக்கிச் 'சத்ராசு' ஆக்கினர். சதுரங்கம் என்ற சொல்லைக் கொண்டு ஆட்டத்தையும் நால்வகைப் படையையும் இணைத்துச் சொல்லப்படும் பெயர்க்காரணங்கள் பிற்காலத்தில் பெயரின் ஒலியை வைத்துப் புனையப்பட்டவை என்றே கொள்ள வேண்டும். பழைய வடிவத்தில் சதுரங்கம் இல்லை.

1602இல் நிறுவப்பட்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் மசூலிப்பட்டினத்திலும், பின்னர்ப் பழவேற்காட்டிலும் காலூன்றியது. பழவேற்காட்டின் கெல்திரியா கோட்டை 1613இல் எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடம் அதுவே. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய நாகப்பட்டினத்துக்கு 1690இல் தலைமை மாறியது. இவ்விரண்டுக்கும் இடையில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, சதுரங்கப்பட்டினம் ஒரு துணைப் பண்டகசாலையாக வளர்ந்தது. கம்பெனியின் கணக்கு எளிமையானது. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்க அங்குள்ளோர் விரும்பியது வெள்ளிக்காசை அன்று. சோழமண்டலத் துணியையே விரும்பினர். ஆகவே துணி கிடைக்கும் இடமெல்லாம் கம்பெனிக்குக் கிட்டங்கி தேவைப்பட்டது. சதுரங்கப்பட்டினம் மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற இடம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட இன்றைய கோட்டையின் உட்புறத்தில் படைக்கொத்தளங்களைக் காட்டிலும் கிட்டங்கிகளே கண்ணுக்குப் புலப்படுவதற்குக் காரணமும் இதுவே.

கோட்டையின் பிற்கால அரசியல் வரலாற்றை விரித்துரைக்க இங்குத் தேவையில்லை. 1754 சனவரியில் ஆங்கிலேய, பிரெஞ்சுத் தூதர்கள் பொது இடமாகக் கருதி இங்குக் கூடிப் பேசியதும், 1758 திசம்பரில் சென்னையை முற்றுகையிடச் சென்ற லாலி இதைப் பிடித்துக்கொண்டதும், 1782 பிப்ரவரி 17 அன்று இதன் எதிர்க்கடலில் சுஃப்ரேனும் ஹியூசும் கப்பற்போர் புரிந்ததும் பலரும் எழுதியவை. 1781இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, 1785இல் மீண்டு, 1795இல் மறுபடியும் வீழ்ந்து, 1818இல் மீண்டும் ஒல்லாந்தருக்குக் கிடைத்த இவ்வூர், 1824ஆம் ஆண்டின் ஆங்கில-ஒல்லாந்து உடன்படிக்கையின்படி 1825இல் நிலையாக ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

கோட்டைக்குள் இன்று மிகுதியும் பார்க்கத்தக்கது அதன் இடுகாடு. குடிமரபுச் சின்னங்களும் பூவேலைப்பாடும் ஒல்லாந்து மொழி வாசகங்களும் கொண்ட கற்பலகைகள் அங்குக் கிடக்கின்றன. அலெக்சாண்டர் ரீ 1897இல் சென்னை மாகாணத்து ஒல்லாந்துச் சின்னங்களைப் பற்றி வெளியிட்ட நூலும், சே. சே. காட்டன் 1905இல் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலும் இவற்றுக்கு அடிப்படை ஆவணங்கள். அவற்றுக்கும் முன்பே, கம்பெனியில் பணியாற்றிய தானியேல் ஆவார்ட்டு 1693இல் வெளியிட்ட சோழமண்டலக் கரையின் ஏற்ற இறக்க வரலாற்றில் கல்லறை வாசகங்களைத் தேடித் திரட்டியுள்ளார். கல்லில் பெயர் எழுதுவதிலும் எழுதிய பெயரைப் படியெடுப்பதிலும் அக்கால ஒல்லாந்தர்க்கு இருந்த ஈடுபாடு இங்குக் குறித்துக்கொள்ளத்தக்கது. இதே கைகள்தாம் குன்றின் மேலும் எழுதின.

குன்றும் குடைவரையும்

திருக்கழுக்குன்றம் அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம். மாணிக்கவாசகரின் பதிகமும் உண்டு. ஏறத்தாழ 500 அடி உயரக் குன்றின் மேல் வேதகிரீசுவரரும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரும் கோயில் கொண்டுள்ளனர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் எனப்படும் சங்கு தீர்த்தமும், நண்பகலில் இரு கழுகுகள் வந்து உணவு பெற்ற பாறையும் இவ்வூரின் புகழுக்குக் காரணமானவை. சோழர் கல்வெட்டுகளில் இவ்வூர் சயங்கொண்ட சோழமண்டலத்துக் களத்தூர்க் கோட்டத்து உலகளந்த சோழபுரம் என்ற பெயரைப் பெறுகிறது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் உள்ள ஒருகல் மண்டபம் ஒரே பாறையில் குடையப்பட்ட பல்லவர் பணி. இரு வரிசைத் தூண்களும், நடுவே இலிங்கம் அமைந்த கருவறையும், வாயிற்காவலர் சிற்பங்களும், பின்சுவரில் நான்முகன், திருமால் உருவங்களும் உடையது. இதில் வாதாபி கொண்ட நரசிங்கவர்மனின் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. வடமொழி வாசகங்களே மிகுந்த முற்பல்லவர் குடைவரைகளுக்கிடையே தமிழில் அமைந்த இக்கல்வெட்டுத் தனித்த மதிப்புடையது.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மற்றொரு கல்வெட்டு முதலாம் ஆதித்தனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 9ஆம் நூற்றாண்டின் இறுதி. வெங்கையா எபிகிராபியா இந்திகாவின் மூன்றாம் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். திருக்கழுக்குன்றத்து மூலத்தானத்து இறைவனுக்குக் கந்தசிடியன் என்னும் பழம் பல்லவ அரசன் நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அவ்வறத்தை அவ்வாறே காத்தான். ஆண்டுரைக் குணவான் மகன் புத்தன் விண்ணப்பிக்க, ஆதித்தனும் அதை முன்பிருந்த வழியே தொடரச் செய்தான் என்பது இதன் செய்தி. பல்லவரை வென்று தொண்டைமண்டலத்தைக் கைக்கொண்ட சோழன், தோற்ற குலத்தின் கொடையை அழிக்காமல், அக்குலத்து அரசர் இருவரின் பெயரையும் சொல்லியே அதைப் புதுப்பித்தான். பல்லவர் கால வரிசையை நிறுவ இக்கல்வெட்டு அறிஞர்க்குப் பெரிதும் உதவியது. இக்கட்டுரையின் நோக்கில் அதனினும் இன்றியமையாதது, விண்ணப்பம் செய்தவனின் பெயரும் அவன் தந்தையின் பெயரும் ஊரும் அதில் இடம்பெற்றிருப்பதாகும். அரசனுக்கும் கோயிலுக்கும் இடையே நின்று பேசிய ஒருவன் பதினொரு நூற்றாண்டுகளைக் கடந்து பெயரோடு நிற்கிறான். இக்குறிப்பு பின்னர் மீண்டும் தேவைப்படும்.

ஒரு பகலின் கணக்கு

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் குன்றைக் காண வந்தனர் என்பதற்கு மண்டபத்துப் பெயர்களும் அவற்றோடு பொறித்த ஆண்டுகளுமே நேர்ச்சான்று. அவர்கள் ஏன் வந்தனர், எவ்வாறு வந்தனர் என்பவற்றை நிலத்தின் அமைப்பைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது.

கடற்கரையிலிருந்து குன்று வரையிலான தொலைவைப் பல்லக்குத் தூக்கிகள் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் கடந்திருக்கலாம். விடியலில் புறப்பட்டவர் வெயில் ஏறுமுன் அடிவாரத்தை எட்டுவர். படியேறி உச்சியை அடையும்போது நண்பகல் நெருங்கியிருக்கும். கழுகுகள் வரும் நேரமும் அதுவே. பண்டாரம் அரிசி, நெய், சர்க்கரை கலந்த உணவோடு பாறையில் காத்திருக்க, இரு பறவைகளும் வந்து உண்டு செல்லும் காட்சி, சாபம் பெற்ற முனிவர் யுகத்துக்கு இருவராகக் கழுகு வடிவில் வழிபடுகின்றனர் என்ற தலபுராணக் கதையோடு சேர்ந்து, வெளிநாட்டாரைப் பெரிதும் ஈர்த்தது. அப்பறவைகள் நூலார் வழக்கில் மஞ்சள்முகப் பாறு எனப்படும் இனத்தவை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1977இல் அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1990களுக்குப் பின் கழுகுகள் வருவதில்லை. பயணத்தின் நேரத்தைக் கழுகுகளின் உணவு நேரம் தீர்மானித்தது எனக் கொண்டால், ஒருகல் மண்டபம் பெயர்ப் பொறிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணமும் விளங்கும். காட்சி முடிந்து, உச்சி வெயிலில், இறங்கும் வழியில் நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடம் அது. வெயில் தாழும்வரை அங்கே தங்குவதே இயல்பு. உச்சியிலுள்ள கோயிலின் உட்பகுதி அயலாருக்குத் திறந்திருக்க வாய்ப்பில்லை. குடைவரையைத் தடுப்பார் இல்லை.

இவ்வளவும் எளிதில் ஏற்கத்தக்கது. ஆனால் பெயர்களை 'வழிப்போக்கர் கிறுக்கல்' என்று தள்ளுவோர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு, அது கல். திருக்கழுக்குன்றத்துப் பாறை கடினமான கருங்கல் வகையைச் சேர்ந்தது. சுண்ணாம்புச் சுவரில் ஆணியால் கீறுவது போல் இதில் பேனாக்கத்தியால் எழுத இயலாது. செங்குத்தான, சீரான உரோமன் பேரெழுத்துகளை அடிக்கோடு பிறழாமல் வெட்ட உளியும் சுத்தியலும் பயின்ற கையும் நேரமும் வேண்டும். எனவே மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும்: வந்தவர்கள் உளியைத் திட்டமிட்டே கொண்டுவந்தனர், அல்லது கல் வெட்டத் தெரிந்த ஒருவனைக் கோட்டையிலிருந்து உடன் அழைத்து வந்தனர், அல்லது ஊரிலிருந்த கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து வெட்டச் செய்தனர். எதுவாயினும் அது தற்செயல் ஆகாது.

இறுதி இரண்டில் ஒன்றே மிகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. கோட்டையின் இடுகாட்டுப் பலகைகளும் பழவேற்காட்டுப் பலகைகளும் உள்ளூர்க் கைவினைஞரால் செதுக்கப்பட்டவை எனக் கருதுவதற்கு அவற்றின் பூவேலைப்பாடே இடந்தருகிறது. ஒல்லாந்து மொழி அறியாத கல்தச்சன், தாளில் வரைந்து கொடுத்த எழுத்தை உருவமாகக் கண்டு கல்லில் மாற்றினான். தன் முன்னோர் கோயில் சுவரில் கிரந்தத்தையும் தமிழையும் வெட்டிய அதே கருவியால் அவன் உரோமன் எழுத்தையும் வெட்டினான். அவ்வாறாயின் ஒருகல் மண்டபத்தின் ஒல்லாந்துப் பெயர்கள் ஒல்லாந்தர் மட்டுமே எழுதிய எழுத்து அல்ல. சொல் அவர்களுடையது, வெட்டு தொண்டைமண்டலத்தானுடையது. பலகைகளின் எழுத்து வடிவத்தையும் மண்டபத்து எழுத்து வடிவத்தையும், உளி இறங்கிய ஆழத்தையும் கோணத்தையும் அளந்து ஒப்பிட்டால் இக்கருத்தைச் சோதித்துவிட முடியும். அதற்கு ஒல்லாந்து மொழிப் புலமை தேவையில்லை. அளவுகோலும் பொறுமையும் போதும்.

கல்லில் எழுதும் உரிமை

கோயிற் கல்லில் எழுதுதல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. புதிது, எழுதுவதற்கான உரிமை எங்கிருந்து வந்தது என்பதே. உத்தரமேரூரை எண்ணிப் பார்க்கலாம். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை, குடவோலை வழியாக வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை முடிவு செய்து கல்லில் பொறித்தது. முப்பது குடும்புகள், நிற்பதற்குரிய தகுதிகள், நீக்கத்துக்குரிய குற்றங்கள் என ஒவ்வொன்றும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. அங்குச் சுவர் என்பது ஊரின் ஏடு. எழுதத்தக்கது எது என்பதைச் சபை கூடித் தீர்மானித்தது. தனியொருவன் தன் விருப்பத்தால் அதில் கைவைக்க இயலாது. திருக்கழுக்குன்றத்து ஆதித்தன் கல்வெட்டும் அவ்வகையதே. கொடை இருந்தால்தான் பெயர்; கடமை இருந்தால்தான் எழுத்து.

ஒல்லாந்தர் பெயர்கள் இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கின்றன. அவர்கள் நிலம் விடவில்லை, விளக்கு எரிக்கவில்லை, ஊரின் இசைவும் பெறவில்லை. 'இங்கு வந்தேன்' என்பதற்கு மேல் அவ்வெழுத்து எதையும் சொல்லவில்லை. ஆயினும் இவ்வகை எழுத்தைக் காலனிய ஆணவத்தின் வெளிப்பாடு என்ற ஒரே அளவால் அளப்பது பிழையாகும். இலங்கைச் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்தோர் தம் பெயரையும் பாட்டையும் கீறிச் சென்றனர்; சிங்கள மொழி வரலாற்றுக்கு அவை இன்று முதன்மைச் சான்று. சிரவணபெளகொளவில் வழிபட வந்தோர் பாறையில் தம் பெயரை வெட்டினர். கம்போடியாவின் அங்கோர் வாட்டில் 1632இல் ஒரு சப்பானியர் தம் பெயரையும் வந்த நோக்கத்தையும் தூணில் மையால் எழுதிவைத்தார். அவர் அதைப் புத்தர் பிறந்த நாட்டுத் தலமெனக் கருதியே வந்தவர். சிரவணபெளகொளவிலும் அங்கோர் வாட்டிலும் எழுதியோரிடமிருந்து ஒல்லாந்தரைப் பிரிப்பது வழிபாடு இன்மை. இங்கே வந்தவர் பார்வையாளர். தமிழகக் கோயில் வரலாற்றில் 'பார்க்க வந்தவன்' என்ற புதிய வகை மாந்தன் கல்லில் பதிவாகும் மிகப் பழைய இடங்களுள் ஒன்றாக ஒருகல் மண்டபத்தைக் கொள்ளலாம்.

அந்தப் பார்வையும் வெறும் வேடிக்கை மட்டுமன்று. பழவேற்காட்டில் சமயப் போதகராக இருந்த ஆபிரகாம் ரோசேரியசு, பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் இலெய்டனில் வெளிவந்தது. தென்னிந்தியச் சமய வாழ்வை ஐரோப்பாவுக்கு விரிவாக அறிவித்த முன்னோடி நூல் அது. பர்த்ருஹரியின் செய்யுள்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழியொன்றில் புகுந்ததும் அதன் வழியே. குன்றேறி வந்த ஒல்லாந்தருள் சிலரேனும் இத்தகைய நூற்செய்திகளைக் கேள்வியுற்றிருப்பர். அவர்கள் ஆர்வத்துடன் வந்தனர் என்பதும், இசைவின்றி எழுதினர் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் செய்திகள் அல்ல.

எழுதப்படாத பெயர்கள்

கழுகைக் காணக் குன்றேறிய ஒரு குழுவில் எத்தனை பேர் இருந்திருப்பர்? பல்லக்கு ஒன்றுக்குக் குறைந்தது நால்வர். தூரப் பயணம் என்பதால் மாற்றாட்களும் வேண்டும். குடை பிடிப்பவர், சமையற்காரர், நீர் சுமப்பவர், வழிகாட்டி ஆகியோரும் வந்திருப்பர். எல்லாவற்றுக்கும் மேலாகத் துபாசி ஒருவர் இன்றிக் கோயிலாரிடம் பேசவோ, கழுகுக் கதையைக் கேட்டறியவோ இயலாது. நாலைந்து ஒல்லாந்தர் வந்தனரெனின் உடன் வந்த தமிழரும் தெலுங்கரும் முப்பதின்மருக்குக் குறையார் என்பது பொதுவான கணக்கு. மண்டபத்தில் அவர்கள் எவர் பெயரும் இல்லை.

ஆதித்தன் கல்வெட்டோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே இடைநின்று விண்ணப்பித்த புத்தன் பெயரோடும் தந்தை பெயரோடும் ஊரோடும் நிற்கிறான். இங்கே இடைநின்று மொழிபெயர்த்த துபாசி இல்லை. இடைநிற்பவனைப் பதிவு செய்த எழுத்து முறையிலிருந்து, இடைநிற்பவனை மறைத்த எழுத்து முறைக்கு, ஒரே குன்றில் சில நூறு அடி தொலைவுக்குள் வந்துவிடுகிறோம். எனினும் புத்தன் காலத்துக் கல்வெட்டும் எல்லாரையும் எழுதியதில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. விடப்பட்ட நிலத்தை உழுதவர் அதிலும் இல்லை.

கோட்டைக்கும் இதே நிலைதான். சதுரங்கப்பட்டினத்தின் வாழ்வு பாலாற்றுச் சமவெளியின் தறிகளைச் சார்ந்திருந்தது. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, குறித்த நீள அகலத்தில் துணி வாங்கி, மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து, வெளுத்து, கட்டி, கப்பலேற்றுவதே கம்பெனியின் நடைமுறை. முன்பணத்தைப் பெற்றுத் தறிகளுக்குப் பிரித்தளித்தவர் உள்ளூர் வணிகர். பஞ்சமோ போரோ வந்து தறி நின்றால் கடன் நெசவாளன் தலையில் நின்றது. போர்களும் குறைவில்லை. விசயநகரத்தின் கடைசிக் கால அரசர்களிடமிருந்து 1640களில் கோல்கொண்டாவுக்கும், 1687இல் கோல்கொண்டா வீழ்ந்தபின் முகலாயருக்கும் இந்நிலம் கைமாறியது; இடையே 1677இல் சிவாசியின் படை செஞ்சிக்கு வந்தது. ஆவார்ட்டு தம் நூலின் தலைப்பிலேயே கரையின் ஏற்றத்தோடு வீழ்ச்சியையும் சேர்த்ததற்குப் பின்னணி இதுதான். மண்டபத்துப் பெயர்களும் அதே கொந்தளிப்பான ஆண்டுகளைச் சேர்ந்தவை. குன்றின் மேல் அவர்கள் கழுகைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கீழே பாலாற்றங்கரையில் ஆட்சியாளர் மாறிக்கொண்டிருந்தனர்.

கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் துணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் காஞ்சிபுரம் என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுகின்றனர். காஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்கள், குறிப்பாக உத்தரமேரூரும் அதைச் சூழ்ந்த நெசவுக் குடியிருப்புகளும், இவ்வரலாற்றில் எங்கே நின்றன என்பதைத் தனித்து ஆராய வேண்டும். கல்லில் இல்லாதவற்றைக் கணக்கேடுகளில் தேடுவதே அதற்கு வழி.

நூறாண்டுக் கோடு

ஒருகல் மண்டபமும் சதுரங்கப்பட்டினக் கோட்டையும் இன்று இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958ஆம் ஆண்டின் பழஞ்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பது குற்றம். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். அதே சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புடைய கட்டடம், குகை, பாறைச் சிற்பம், கல்லெழுத்து ஆகியவற்றைப் பழஞ்சின்னம் என வரையறுக்கிறது. ஆகவே ஒல்லாந்தரின் பெயர் இன்று வெட்டப்பட்டிருந்தால் குற்றம். 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதால் அதுவே பாதுகாக்கப்பட வேண்டிய சான்று. அதைச் சுரண்டி எடுப்பவனும் தண்டனைக்குரியவன்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உள்ளது. குடைவரைகளில் பிற்காலத்தோர் தம் பெயரைக் கீறுவதும் வண்ணம் பூசுவதும் தமிழகமெங்கும் காணும் வழக்கம். தூய்மைப்பணி மேற்கொள்வோர் பழைய வெட்டையும் புதிய கீறலையும் பிரித்தறிய வேண்டுமானால், முதலில் பழையவற்றின் முழுப் பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். நரசிங்கவர்மன் கல்வெட்டுக்கு மைப்படியும் பதிப்பும் உண்டு. ஒல்லாந்துப் பெயர்களுக்கும் அதே தரத்தில், தூண்வாரியாக, இட அளவோடும் ஒளிப்படத்தோடும் எழுத்துப் பெயர்ப்போடும் ஒரு தமிழ்ப் பதிப்பு வேண்டும். கோட்டையின் கல்லறை வாசகங்களையும் அதே தொகுதியில் சேர்த்தால், பெயர்களுள் எவர் குன்றேறியவர், எவர் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டவர் என்பதை ஒப்பிட்டுக் காணலாம். இரு இடங்களிலும் ஒரே உளி வேலை செய்ததா என்பதையும் அப்போதே அளந்து சொல்ல இயலும். நூறாண்டுக் கோடு ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி முன்னே நகர்கிறது. 1925இல் எவரேனும் அத்தூண்களில் தம் பெயரைக் கீறியிருந்தால் அக்கீறல் 2025இல் அக்கோட்டைத் தொட்டிருக்கும்; அதற்கு வரலாற்று மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தூரிகையோடு நிற்கும் பணியாளரே முடிவு செய்ய நேரும்.